ஒரு தெருவைத் திருத்த யாரிடம் சாவி கேட்பது?

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலை செங்கம் சாலையில் ரமணாசிரமத்து வாசல் எதிரே நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிரிவலக் கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 14 கிலோமீட்டரில் கால்வாசி கூட முடியவில்லை, கூட வந்த அம்மாவுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. "பக்கத்துல பாத்ரூம் எங்கயாச்சும் இருக்கா பாருப்பா" என்கிறார். போனை எடுத்து வரைபடத்தைத் திறக்கிறீர்கள். தங்கும் விடுதி வரிசையாகக் காட்டுகிறது. காபிக் கடை காட்டுகிறது. கழிப்பறை இல்லை, குடிநீர்க் குழாய் இல்லை, கண்ணெதிரே இருக்கிற சந்தும் இல்லை. பக்கத்தில் பூ விற்கிற அக்கா தலையை நிமிர்த்தாமலே, "அந்தச் சந்துல போங்க, ரெண்டாவது வீடு தாண்டி இடது கை பக்கம்" என்கிறார். அவருக்குத் தெரிந்தது வரைபடத்துக்குத் தெரியவில்லை.

இப்படி ஒன்று நடந்தால் நமக்கு முதலில் வருகிற எண்ணம், "இதை யார்கிட்ட சொல்றது?" என்பதுதான். நமக்கு மனு பழக்கம். சாலையில் பள்ளம் என்றால் 1100-க்கு அழைக்கலாம். பட்டாவில் பெயர் தப்பு என்றால் விண்ணப்பிக்கலாம். அங்கெல்லாம் நாம் சொல்வோம், அதிகாரம் உள்ளவர் செய்வார். அது சரியான முறைதான். பட்டாவை அவரவரே திருத்திக்கொள்ள விட்டால் ஊர் என்னாகும்?

ஆனால் வரைபடத்தில் அந்தச் சந்தைச் சேர்க்க மனு வேண்டாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று ஒரு உலக வரைபடம் இருக்கிறது. 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. அதில் ஒரு கணக்கு திறந்தால் போதும், ரமணா நகர் சந்தை நீங்களே வரையலாம். பூக்கார அக்கா சொன்ன கழிப்பறையை நீங்களே குறிக்கலாம். யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. பதிவேற்றிய சில நிமிடங்களில் உலகத்துக்கே தெரியும்.

இதைச் சொன்னதும் பலர் கேட்பார்கள்: "அப்போ யார் வேணாலும் கெடுக்கலாமே?" நல்ல கேள்வி. இந்தப் பாடம் முழுக்க அந்தக் கேள்வியைப் பற்றியதுதான். பொதுவில் எல்லோரும் சேர்ந்து உருவாக்கும் ஒன்றில் புதியவரை எப்படி உள்ளே அழைப்பது, அவர் கையில் எப்போது சாவி கொடுப்பது? மென்பொருள் எழுதுகிறவர்கள் முப்பது ஆண்டுகளாக இதில் மல்லுக்கட்டி, சில இடத்தில் ஜெயித்தும் சில இடத்தில் சூடு பட்டும் இருக்கிறார்கள்.

கமிட் என்கிற சாவி

முதலில் ஒரு சொல். நிரல் எழுதுகிறவர்கள் "கமிட்" என்று அடிக்கடி சொல்வார்கள். ஒரு திட்டத்தின் மூலப் பிரதியில் ஒரு மாற்றத்தைப் பதிவு செய்வதுதான் கமிட். ஓப்பன் சோர்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளில் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், நகல் எடுக்கலாம், தன் கணினியில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எல்லோரும் இறக்கிக்கொள்கிற அந்த மூலப் பிரதியில் கை வைக்க கமிட் உரிமை வேண்டும். உரிமை இல்லாதவர் தன் திருத்தத்தை அனுப்பிவிட்டுக் காத்திருப்பார். உரிமை உள்ளவர் பார்த்து, சரி என்றால் சேர்ப்பார்.

நம்ம ஊர் அன்னதானக் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். தீபத்துக்குக் கிரிவலப் பாதையில் அன்னதானம் போட மாவட்ட நிர்வாகத்திடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது வெளிக் கதவு. குழுவுக்கு உள்ளேயும் ஒரு கதவு உண்டு. புதிதாக ஒரு பையன் வந்து "நானும் சேர்றேன் அண்ணா" என்றால் இலை போடச் சொல்வார்கள். அடுத்த மாதம் வந்தால் பரிமாறச் சொல்வார்கள். நாலு பௌர்ணமி தொடர்ந்து வந்தால் காய் வாங்கப் பணம் கொடுத்து அனுப்புவார்கள். பொருள் அறைச் சாவி? அது பெரியவர் இடுப்பில் இருக்கும். அவருக்கு ஒரு நாள் உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

மென்பொருள் உலகமும் இப்படித்தான். லினக்ஸ் கருவகத்தை 1991-இல் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ்தான் இன்றும் அதன் மூலப் பிரதியைப் பார்த்துக்கொள்கிறார். ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாளர்கள் உண்டு, மாற்றங்கள் அவர்கள் வழியாகத்தான் மேலே ஏறும். அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டங்களில் நன்றாகப் பங்களிப்பவரை ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் முன்மொழிந்து, வாக்கெடுத்து, உரிமை தருவார்கள். இரண்டும் பல்லாண்டு ஓடியிருக்கின்றன. அதனால் கதவு வைப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. கதவு எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு கனம் என்பதுதான் விஷயம்.

ஏழு வாசல் வைத்த கலைக்களஞ்சியம்

கனமான கதவின் கதை ஒன்று. 2000-ஆம் ஆண்டு ஜிம்மி வேல்ஸ் இணையத்தில் ஒரு இலவசக் கலைக்களஞ்சியம் தொடங்கினார். அதன் பெயர் நூபீடியா. ஆசிரியர் லாரி சாங்கர். தரம் குறையக்கூடாது என்று கட்டுரைகளுக்கு ஏழு கட்டச் சரிபார்ப்பு வைத்தார்கள். எழுதுபவர் அந்தத் துறை அறிஞராக இருப்பது நல்லது, பிறகு மதிப்புரை, பிறகு பொது மதிப்புரை, பிறகு மொழித் திருத்தம் என்று வாசல் தாண்டி வாசல். எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் 2003-இல் மூடும்வரை முழுதாக வெளிவந்த கட்டுரைகள் சுமார் 25.

நடுவில், 2001 ஜனவரி 15 அன்று, நூபீடியாவுக்குக் கச்சாப் பொருள் சேர்க்கலாமே என்று பக்கத்தில் ஒரு திண்ணை போட்டார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், முன்கூட்டியே யாரும் சரிபார்க்க மாட்டார்கள். அந்தத் திண்ணைதான் விக்கிப்பீடியா. முதல் ஆண்டிலேயே அதில் ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் சேர்ந்துவிட்டன. வீட்டுக்குள் ஆளே வரவில்லை, திண்ணையில் இடம் இல்லை!

இதில் கவனிக்க வேண்டியது, விக்கிப்பீடியாவில் சரிபார்ப்பு இல்லாமல் போகவில்லை. அது இடம் மாறியது. நூபீடியாவில் முதலில் சரிபார்த்து, பிறகு வெளியிட்டார்கள். விக்கிப்பீடியாவில் முதலில் வெளியிட்டு, பிறகு சரிபார்த்தார்கள். இதை நடக்க வைத்தது ஒரு சின்ன வசதி: ஒவ்வொரு பக்கத்துக்கும் வரலாறு உண்டு. யார், எப்போது, எதை மாற்றினார் என்று தெரியும். தப்பு என்றால் பழைய நிலைக்கு ஒரு சொடுக்கில் திருப்பலாம். கெடுப்பதை விடச் சரிசெய்வது சுலபம் என்றால் கதவைத் திறந்து வைக்கத் தைரியம் வரும்.

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. ஆரம்ப நாட்களில் அதைத் தூக்கி நிறுத்தியவர்களில் முதன்மையானவர் இலங்கையைச் சேர்ந்த இ. மயூரநாதன். அவர் தொழிலால் கட்டடக் கலைஞர், வேலை பார்த்தது வளைகுடாவில். கலைக்களஞ்சியம் எழுத அவருக்கு எந்தப் பல்கலைக்கழகமும் நியமன ஆணை தரவில்லை. நூபீடியா வாசலில் நின்றிருந்தால் ஏழில் எத்தனையாவது வாசலில் அவரைத் திருப்பி அனுப்பியிருப்பார்களோ தெரியாது. அவர் எழுதிய கட்டுரைகள் ஆயிரக்கணக்கில். 2010-இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது தமிழக அரசும் கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டி வைத்து, புதியவர்களை அந்தத் திண்ணைக்கு அனுப்பி வைத்தது.

சிவப்பு, மஞ்சள், பச்சை

என்னைக் கேட்டால், புதியவரை உள்ளே விடுவதும் தரம் காப்பதும் சேர்ந்து நடக்கிற இடம் பார்க்க நீங்கள் தமிழ் விக்கிமூலத்துக்குத்தான் போக வேண்டும்.

தமிழ் இணையக் கல்விக்கழகம், அதாவது நம் அரசின் நிறுவனம், நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் மின்வருடிய பிரதிகளைத் தமிழ் விக்கிமூலத்துக்குக் கட்டற்ற உரிமத்தில் வழங்கியது. 2,000-க்கும் மேற்பட்ட நூல்கள். வருடிய பக்கம் என்பது ஒரு போட்டோதான். அதில் தேட முடியாது, எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க வசதியில்லை, பார்வையற்றவருக்குக் கணினி வாசித்துக் காட்டவும் முடியாது. அதனால் எழுத்துணரி மென்பொருளால் படத்தை எழுத்தாக்கினார்கள். மொத்தமாக அப்படி ஆக்குவதற்கு உதவியதும் ஒரு கட்டற்ற மென்பொருள்தான், எழுதியவர் கணியம் த. சீனிவாசன்.

எழுத்துணரி தப்பு விடும். காலையும் ரகரத்தையும் குழப்பிக்கொள்ளும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகத்தில் தும்பிக்கை வைத்த பழைய லை, னை வந்தால் திணறிப்போகும். இதை மனிதக் கண்தான் திருத்த வேண்டும். அங்கேதான் நீங்கள் வருகிறீர்கள்.

விக்கிமூலத்தில் ஒரு நூலைத் திறந்தால் பக்க எண்கள் வண்ணக் கட்டங்களாகத் தெரியும். சிவப்பு என்றால் யாரும் மெய்ப்பு பார்க்கவில்லை. அதைத் தொட்டால் ஒரு பக்கம் படம், இன்னொரு பக்கம் எழுத்து. ஒப்பிட்டுத் திருத்திவிட்டு மஞ்சள் ஆக்கலாம். பச்சை ஆக்க வேண்டும் என்றால் இன்னொருவர் பார்க்க வேண்டும். மஞ்சள் ஆக்கியவரே பச்சை ஆக்க முடியாது, மென்பொருளே விடாது. இதில் பெரியவர், சின்னவர் வித்தியாசம் இல்லை. பத்து வருடமாக இருப்பவர் மஞ்சள் ஆக்கியதை நேற்று வந்த ஒருவர் பார்த்துத் திருத்தலாம்.

இந்த ஏற்பாட்டின் அழகைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வேலை ஒரு பக்கம் அளவுக்கு நறுக்கப்பட்டிருக்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இருபது நிமிடத்தில் ஒன்று முடியும். எது செய்ய வேண்டியது என்று யாரையும் கேட்க வேண்டாம், சிவப்பாக இருப்பதெல்லாம் செய்ய வேண்டியது. சரியா தப்பா என்று தெரிந்துகொள்ள ஆசிரியர் வேண்டாம், படம் பக்கத்திலேயே இருக்கிறது. தப்பே விட்டாலும் அடுத்த கண் பிடித்துக்கொள்ளும். புதியவர் பயப்பட இங்கே ஒன்றும் மிச்சமில்லை. (போனில் படமும் எழுத்தும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது கொஞ்சம் சிரமம்தான். உலாவியில் கணினித் தோற்றத்துக்கு மாற்றி, போனைக் குறுக்கே திருப்பிக்கொள்ளுங்கள்.)

முதல் திருத்தமே கடைசித் திருத்தமாவது ஏன்?

எல்லா இடமும் இவ்வளவு சுலபம் இல்லை. பல மென்பொருள் திட்டங்களில் புதியவர் ஒரு திருத்தம் அனுப்புவார். ஒரு வாரம் பதில் வராது. இரண்டாவது வாரம் ஒருவர் வந்து, "வழிகாட்டியைப் படித்தீர்களா?" என்று ஒரு வரி போடுவார். வழிகாட்டி நாற்பது பக்கம் இருக்கும். அத்தோடு அவர் போய்விடுவார். திட்டத்தினர் பிறகு ஒரு நாள் "உதவிக்கு ஆளே வருவதில்லை" என்று குறைபட்டுக்கொள்வார்கள். அரசு அலுவலக வரிசையில் நின்றவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. சாளரத்துக்கு வந்து சேர்ந்த பிறகு "அடுத்த கவுண்டர்" என்று சொல்லக் கேட்டால் வருகிற சலிப்பு இருக்கிறதே, அதேதான்.

இதை மாற்ற முயன்றவர்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ரூபினியஸ் என்று ரூபி மொழிக்கான ஒரு திட்டம். அதைத் தொடங்கிய இவான் பீனிக்ஸ் ஒரு விதி வைத்தார்: உங்கள் ஒரு திருத்தம் ஏற்கப்பட்டால் போதும், கமிட் உரிமை உங்களுக்கு. ஒன்றே ஒன்று! கேட்டவர்கள் பதறினார்கள். ஆனால் புதியவர்கள் வந்து குவிந்தார்கள். இன்னொருவர் ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் கைசன்டோர்ஃபர். தான் எழுதிய சில மென்பொருள்களைப் பார்த்துக்கொள்ள நேரமில்லாமல் திணறிய அவர், யாராவது திருத்தம் அனுப்பினால் அவருக்கே உரிமையையும் கொடுத்துப் பார்த்தார். 2013-இல் அதைப் பற்றி எழுதினார். அவர் கண்டது சுவாரசியமானது. "என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்டு நின்றவர், சாவி கைக்கு வந்ததும் தன் திருத்தத்தைத் தானே இன்னொரு முறை சரிபார்த்தார், பிறர் அனுப்பியதையும் பார்க்கத் தொடங்கினார். வாடகை வீட்டில் ஆணி அடிக்கிறவருக்கும் சொந்த வீட்டில் அடிக்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் அது.

எல்லோருக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. வங்கிக் கணக்கைக் காக்கும் மென்பொருளுக்கும் ஒரு சின்ன விளையாட்டுக்கும் ஒரே பூட்டு போட முடியாது. பல திட்டங்கள் நடுவழி எடுக்கின்றன. சுலபமான வேலைகளுக்கு "முதல்முறை வருபவருக்கு" என்று சீட்டு ஒட்டி வைக்கிறார்கள். மொழிபெயர்ப்பு, ஆவணம், படம் போன்றவற்றுக்குத் தனிச் சாவி கொடுத்துவிட்டு நிரலுக்கு மட்டும் வேறு சாவி வைக்கிறார்கள்.

அரை விநாடியில் பிடிபட்ட திருட்டு

இனி சூடு பட்ட கதை. இதைச் சொல்லாமல் விட்டால் பாடம் பாதிதான்.

எக்ஸ்இசட் என்று கோப்புகளைச் சுருக்குகிற ஒரு சின்ன மென்பொருள். பெயர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் உலகத்தின் லினக்ஸ் சர்வர்கள் அநேகமாக எல்லாவற்றிலும் அது இருக்கிறது. நீங்கள் போனில் ஒரு சான்றிதழ் இறக்கினால், அந்தக் கோரிக்கை போய்ச் சேரும் சர்வரிலும் அது இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இதைப் பல ஆண்டுகளாகப் பராமரித்தவர் அநேகமாக ஒரே ஒருவர், லாசே காலின். அதற்குச் சம்பளம் கிடையாது.

2021-இல் "ஜியா டான்" என்ற பெயரில் ஒரு கணக்கு முளைத்தது. நல்ல நல்ல திருத்தங்களாக அனுப்பியது. 2022-இல் வேறு சில பெயர்களில் சிலர் வந்து, "ஏன் இவ்வளவு தாமதம்? இன்னொரு பொறுப்பாளரைப் போட வேண்டியதுதானே?" என்று லாசேயை நச்சரித்தார்கள். ஏற்கெனவே களைத்துப்போயிருந்த மனுஷன். பொறுமையாக உழைக்கிற ஜியா டானுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவி போனது. 2024 பிப்ரவரியில் வெளியான 5.6.0 பதிப்பிலும், அடுத்து வந்த 5.6.1 பதிப்பிலும் ஒரு கள்ளக் கதவு வைக்கப்பட்டது. அதன் வழியே சர்வர்களுக்குள் ரகசியமாக நுழையலாம்.

கண்டுபிடித்தவர் காவல்துறை அல்ல. மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்கும் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் உள்நுழைவு வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். ஏன் என்று தோண்டிக்கொண்டே போனவர், 2024 மார்ச் 29 அன்று விஷயத்தை வெளியிட்டார். பெரும்பாலான சர்வர்களுக்கு அந்தப் பதிப்பு போய்ச் சேரும் முன்பே தடுக்கப்பட்டது.

இதைப் படித்ததும் "பார்த்தீங்களா, அதான் யாரையும் உள்ளே விடக்கூடாது" என்று சொல்லத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே தோற்றது திறந்த கதவு அல்ல, தனி ஆள். ஒருவர் மட்டும் சாவி வைத்திருந்தார், அவர் களைத்தார், களைத்தவரை நெருக்கிச் சாவியை வாங்கினார்கள், வாங்கியவர் செய்வதைப் பார்க்க இரண்டாவது கண் இல்லை. விக்கிமூலத்தின் மஞ்சளும் பச்சையும் ஞாபகம் வருகிறதா? கள்ளக் கதவின் ஒரு பகுதி எல்லோரும் பார்க்கிற மூலப் பிரதியிலேயே இல்லை, இறக்கிக்கொள்ளத் தயாரித்த தொகுப்பில் மட்டும் ஒளிந்திருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரலாறு தெரியாத இடத்தில்தான் திருட்டு நடந்தது. ஐந்து பேர் உண்மையாக அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தால் லாசேயை அப்படி மடக்கியிருக்க முடியாது. புதியவர்களை வரவேற்றுப் பழக்குவதும் ஒரு பாதுகாப்புதான்.

பயிற்சி: அக்னி லிங்கத்திலிருந்து எம லிங்கம் வரை

சரி, போனை எடுங்கள். நம் ஊர் வரைபடத்துக்கு வருவோம்.

இது வெறும் சுற்றுலா வசதி இல்லை. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலை சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு உயிர்கள் போனதை இந்த ஊர் மறக்காது. மலையடிவாரத்தில் எந்தச் சந்து எங்கே முடிகிறது, எது வண்டி போகும், எது படிக்கட்டு என்பது ஒரு இரவில் பெரிய விஷயமாகிவிடும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாக வைத்து அருண் கணேஷும் நண்பர்களும் ஒரு வெள்ள வரைபடம் போட்டார்கள். தண்ணீர் நிற்கிற தெருவை விரலால் தொட்டால் நிறம் மாறும், அவ்வளவுதான். மக்கள் ஆயிரக்கணக்கான தெருக்களைக் குறித்தார்கள். தெருக்கள் முன்பே வரையப்பட்டிருந்ததால்தான் தொட ஏதோ இருந்தது. வெள்ளம் வந்த பிறகு தெரு வரைய உட்கார முடியாது.

ஆண்ட்ராய்டு போன் என்றால் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலியை நிறுவுங்கள். இலவசம், விளம்பரம் இல்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கணக்கும் தொடங்கிக்கொள்ளுங்கள். பொதுவில் தெரியும் பெயர் அது, உங்கள் போன் எண்ணைப் பெயராக வைக்காதீர்கள். செயலி நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றிக் கேள்விகள் காட்டும். இந்தத் தெருவுக்கு விளக்கு உண்டா? தரை தாரா, சிமென்ட்டா, மண்ணா? இந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும்? பார்த்துப் பதில் தொட்டால் அதுவே உங்கள் பங்களிப்பு. வரைபடக்கலை எதுவும் தெரிய வேண்டாம். தப்பாகத் தொட்டுவிட்டால் பின்வாங்கிக்கொள்ளலாம்.

கூட்டம் இல்லாத ஒரு காலை நேரம் பாருங்கள். அக்னி லிங்கத்தில் தொடங்கி, சேஷாத்திரி ஆசிரமம், ரமணாசிரமம் தாண்டி, எம லிங்கம் வரை நடந்தால் போதும். குடிநீர்க் குழாய், பொதுக் கழிப்பறை, உட்காரும் திண்ணை, மருந்துக் கடை, சக்கர நாற்காலி ஏறும் சரிவுப் பாதை என்று புதிதாகச் சேர்க்க வேண்டியவற்றுக்கு எவ்ரி டோர் என்ற இன்னொரு செயலி வசதியானது, ஐபோனிலும் கிடைக்கும். காணாமல் போன தெருவையே வரைய வேண்டும் என்றால் கணினியில் உட்காருவது நல்லது. செயற்கைக்கோள் படத்தின் மேலே கோடு இழுத்துவிடலாம்.

தமிழ்ப் பெயரை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு இடத்துக்கும் பொதுப் பெயர் தவிரத் தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர் என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. வெளியூர்க்காரர் ஆங்கிலத்தில் எழுதிய பெயரைப் பார்த்து யாரோ தமிழாக்கினால் "பாலாக்கோத்து" என்று கூட ஆகிவிடும். பலாக்கொத்து என்று எழுத இந்த ஊர்க்காரர்தான் வேண்டும்.

சில கட்டுப்பாடுகள் சொல்லியாக வேண்டும். கூகுள் மேப்பைப் பார்த்து நகல் எடுக்கவே கூடாது. அது அவர்கள் உடைமை, அப்படிச் சேர்த்தது தெரிந்தால் நீக்கிவிடுவார்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். தனியார் வீட்டில் யார் குடியிருக்கிறார் என்பதெல்லாம் வரைபடத்துக்கு வேண்டாத விஷயம். ஆசிரமத்துக்குப் பின்னால் மலையேறும் பாதைகளில் வனத்துறை அனுமதிக்காததைத் திறந்த பாதை என்று குறித்துவிடாதீர்கள், நம்பி ஒருவர் ஏறிவிடுவார். ஒவ்வொரு பதிவேற்றத்தோடும் ஒரு குறிப்பு எழுதச் சொன்னால், "செங்கம் சாலையில் குடிநீர்க் குழாய் சேர்த்தேன், நேரில் பார்த்தது" என்று தெளிவாக எழுதுங்கள். கணினியில் திருத்தும்போது, "என் திருத்தத்தை யாராவது சரிபார்க்கவும்" என்று ஒரு கட்டம் இருக்கும். முதல் சில முறை அதை டிக் செய்யுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஒரு நாள் உங்கள் திருத்தத்தை யாராவது திருப்பிவிடலாம். கோபம் வரும். வரலாற்றைத் திறந்து யார், ஏன் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரே குழாயை இரண்டு பேர் குறித்திருப்பார்கள், அல்லது நீங்கள் குறித்தது சாலையின் எதிர்ப்பக்கத்தில் விழுந்திருக்கும். அந்தத் திருத்தத்தின் கீழேயே மரியாதையாகக் கேட்கலாம். வேண்டுமென்றே கெடுப்பவர்களைக் கவனிக்கத் தன்னார்வலர் குழு ஒன்றும் இருக்கிறது.

சாவி உங்கள் இடுப்பில் இருந்தால்

கடைசியாக, நீங்களே ஒன்றை நடத்துகிறவராக இருக்கலாம். குடியிருப்போர் சங்கத்துத் தொலைபேசிப் பட்டியல், மகளிர் குழுவின் கணக்கு விரிதாள், ரத்த தானக் குழுவின் வாட்ஸ்ஆப். மென்பொருள் இல்லைதான், ஆனால் சாவி பிரச்சினை அச்சு அசல் இதேதான். ஒரே அட்மின், அவர் போன் தொலைந்தால் குழுவே தொலைந்தது.

இன்றைக்கே இரண்டாவது அட்மின் ஒருவரைப் போடுங்கள். விரிதாளில் மாற்றங்களின் வரலாறு எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அது இருக்கும் தைரியத்தில் இன்னும் நாலு பேருக்குத் திருத்தும் உரிமை கொடுக்கலாம். பணம் சம்பந்தப்பட்ட வரிக்கு மட்டும் எழுதுபவர் ஒருவர், பார்ப்பவர் ஒருவர் என்று வையுங்கள். புதிதாக வருபவருக்குச் சின்னதாக, ஒரு நாளில் முடிகிற வேலை ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். அவர் செய்து அனுப்பினால் அன்றைக்கே, "பார்த்தேன், நன்றிங்க. அந்த மூணாவது நம்பர் மட்டும் ஒரு தடவை சரிபாருங்க" என்று பதில் போடுங்கள். அதை ஒரு வாரம் தள்ளிப் போட்டால் அவர் அடுத்த மாதம் வரமாட்டார்.

அடுத்த பௌர்ணமிக்கு முன் ரமணாசிரமம் பக்கம் போகிறவர்கள், அந்தப் பூக்கார அக்காவிடம் கேட்டுவிட்டு, சந்துக்குள் போய்க் கண்ணால் பார்த்துவிட்டு, குறியுங்கள். கழிப்பறை இரவில் திறந்திருக்குமா என்பதையும் சேர்த்தே கேளுங்கள். அதற்கும் வரைபடத்தில் ஒரு கட்டம் இருக்கிறது.